நாணயம் தேடிய நாட்கள்

எங்கள் வகுப்பில் பழைய நாணயம் சேர்க்கும் தோழிகள் சிலர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்த காலத்தில் நான் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒருநாள் அவர்களிடம் சொன்னேன். "வங்கியில் காசைக் கொடுத்துக் காசையே வாங்குவதா? அதில் என்ன லாபம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அருகில் இருந்த எமது தமிழ் மன்றப் பொறுப்பாசிரியை, "அதையே சஞ்சிகைக்கு எழுதித் தாருங்கள்" என்றார். அவ்வாறு பிறந்ததே இக்கட்டுரை.

வாப்பாவின் மேற்படிப்புக்காக எங்கள் குடும்பம் இரண்டு வருடங்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தது. புலமைப்பரிசில் பணத்தில்தான் நால்வரும் வாழவேண்டும். முதற் குளிர்காலம் வந்ததும் பாடசாலை விட்டால் வீடு, வீடு விட்டால் பாடசாலை என்றானது. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் தனியாக இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய அப்பெண்மணிக்கு உம்மா அடிக்கடி சோறு, கறி கொடுத்தனுப்புவார். ஒருநாள் நான் போனபோது அவர் மேசை நிறைய நாணயங்களைக் கொட்டி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளி தேடுகிறேன்" என்றார். அன்று அவர் கற்றுத் தந்ததுதான் நான் இங்கே எழுதப்போவது.

ரோல் என்றால் என்ன?

அமெரிக்காவில் சில்லறை நாணயங்களை எண்ணிக் காகிதத்தில் உருளையாகச் சுற்றி வைப்பார்கள். அதற்கு ரோல் என்று பெயர். ஒரு சதமென்றால் 50 நாணயங்கள், ஐந்து சதமென்றால் 40, பத்துச் சதமென்றால் 50, கால் டொலரென்றால் 40, அரை டொலரென்றால் 20. ஆகவே அரை டொலர் ரோல் ஒன்றின் பெறுமதி 10 டொலர். பத்துச் சத ரோலின் பெறுமதி 5 டொலர். வங்கியில் பத்து டொலர் தாளைக் கொடுத்தால் பத்து டொலர் ரோலைத் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்ததற்குச் சமமான காசைப் போட்டு, மீண்டும் சுற்றி வங்கியில் கொடுத்துவிடலாம். பணம் குறைவதில்லை. செலவாவது நேரமும் கண்ணும்தான்.

"அப்படியானால் உள்ளே என்ன இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குச் சிறிது வரலாறு தெரியவேண்டும்.

1964 என்ற எல்லைக்கோடு

1964ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் பத்துச் சதம், கால் டொலர், அரை டொலர் ஆகிய நாணயங்களில் 90 வீதம் வெள்ளியும் 10 வீதம் செம்பும் இருந்தன. அறுபதுகளில் உலகச் சந்தையில் வெள்ளியின் தேவை கூடியது, விலையும் ஏறியது. ஒரு நாணயத்தில் எழுதியிருக்கும் பெறுமதியை விட அதன் உலோகத்தின் பெறுமதி கூடிவிட்டால் யார்தான் அதைக் கடையில் கொடுப்பார்கள்? சந்தையில் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எனவே 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜோன்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பத்துச் சதத்திலும் கால் டொலரிலும் வெள்ளி முற்றாக நீக்கப்பட்டது. செம்பு நடுவே இருக்க, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகத் தகடு ஒட்டப்பட்டது. அரை டொலரில் மட்டும் 1970 வரை 40 வீதம் வெள்ளி இருந்தது. 1971 முதல் அதுவும் போயிற்று.

பழைய வெள்ளி நாணயங்களைப் பதுக்குவதில் பயனில்லை என்று ஜனாதிபதி அறிவித்தார். மக்கள் கேட்கவில்லை. ஒரே பெறுமதி எழுதிய இரண்டு காசு கையில் இருந்தால், வெள்ளியை வைத்துக்கொண்டு மற்றதைச் செலவு செய்தார்கள். வர்த்தகப் பிரிவு மாணவிகளுக்கு இது தெரிந்திருக்கும். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டிவிடும் என்ற கிரெஷாமின் விதி இதுதான். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமஸ் கிரெஷாமின் பெயரால் அது வழங்கினாலும், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னரே கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி, செப்புக் காசுகள் பெருகியபோது வெள்ளித் திர்ஹம்கள் சந்தையிலிருந்து மறைந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். வாப்பா இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பதுக்கிய வெள்ளி எல்லாம் பதுங்கியே இருப்பதில்லை. யாரோ சேர்த்து வைத்ததைப் பேரப்பிள்ளைகள் விவரம் தெரியாமல் வங்கியில் கொடுத்துவிடுகிறார்கள். உண்டியலில் கிடந்தது உடைக்கப்படுகிறது. அப்படி வருவதுதான் ரோலுக்குள் அகப்படுகிறது.

எப்படிப் பார்ப்பது?

முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். அரை டொலர் இருபதையும் மேசையில் வரிசையாக அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தால், புதிய நாணயங்களின் விளிம்பில் செம்பு நிறக் கோடு தெரியும். 90 வீத வெள்ளியின் விளிம்பு முழுவதும் வெள்ளையாக இருக்கும். 40 வீத வெள்ளி ஏமாற்றிவிடும். அதன் நடுப்பகுதியிலும் ஓரளவு வெள்ளி கலந்திருப்பதால் கோடு மங்கலாகவே தெரியும். அதனால் விளிம்பில் சந்தேகம் வந்தால் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிறை. வெள்ளிக் கால் டொலர் 6.25 கிராம், இப்போதையது 5.67 கிராம். வெள்ளி அரை டொலர் 12.5 கிராம், இப்போதையது 11.34 கிராம். மேல்மாடிப் பெண்மணியிடம் சிறிய மின் தராசு ஒன்று இருந்தது. அவருக்கோ தராசே தேவையில்லை. மேசையில் காசைப் போட்டுச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். வெள்ளி மணி போல நீண்டு ஒலிக்கும். மற்றது 'டக்' என்று நின்றுவிடும்.

ஐந்து சத நாணயத்தை அங்கே 'நிக்கல்' என்றே அழைப்பார்கள். அதில் பொதுவாக வெள்ளி இல்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் நிக்கல் உலோகம் படைத் தேவைக்கு வேண்டியிருந்ததால், 1942 முதல் 1945 வரை அதற்குப் பதிலாக 35 வீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். அடையாளம் காண்பதற்காக, பின்புறமுள்ள மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே நாணயச்சாலையின் எழுத்தைப் பெரிதாகப் பொறித்தார்கள். ஒரு சத நாணயத்தில் வெள்ளி கிடையாது. ஆனாலும் 1958 வரை அடித்தவற்றின் பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943இல் நாகம் பூசிய உருக்கினால் செய்த ஒரு சதம் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். செலவு குறைவாகத் தொடங்க நினைப்பவருக்கு ஐம்பது சத ரோலே போதும்.

மிச்சிகன் கனடாவின் எல்லையில் இருப்பதால் கனடா நாணயங்களும் கலந்து வரும். அவற்றையும் வீசிவிடக்கூடாது. 1920 முதல் 1966 வரையான கனடாவின் பத்துச் சதத்திலும் இருபத்தைந்து சதத்திலும் 80 வீதம் வெள்ளி உண்டு.

என் கணக்கு

உம்மாவிடம் இருபது டொலர் கடன் வாங்கினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாப்பாவுடன் வங்கிக்குப் போய் அரை டொலர் ரோல் இரண்டு வாங்குவேன். அரை டொலர் அங்கே அதிகம் புழங்குவதில்லை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்போம். எதற்காக வாங்குகிறோம் என்பதை வாப்பா முதல் நாளே காசாளரிடம் சொல்லிவிட்டார். "நாம் எண்ணிச் சுற்றிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை இல்லை. குவியலாகக் கொண்டுபோய்க் கொட்டினால் அது தொல்லை" என்பார். ஒவ்வொரு ரோலையும் இரண்டு முறை எண்ணாமல் அவர் சுற்ற விடமாட்டார். ஒரு காசு குறைந்தாலும் அது அடுத்தவருடைய காசு அல்லவா?

இருபது வாரங்களில் 40 ரோல்கள், 800 நாணயங்கள் பார்த்தேன். ஒரு கொப்பியில் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். கிடைத்தவை: 40 வீத வெள்ளி ஐந்து, 90 வீத வெள்ளி இரண்டு. மொத்தம் ஏழு. 793 நாணயங்களில் ஒன்றுமே இல்லை. முதல் ஆறு வாரங்கள் ஒன்றுகூடக் கிடைக்காதபோது விட்டுவிடலாம் என்று நினைத்தேன். "மீன் பிடிப்பவர் கடலில் மீன் இல்லை என்று சொல்வாரா?" என்று உம்மா கேட்டார். ஏழாவது வாரம்தான் 1967ஆம் ஆண்டுக் கென்னடி அரை டொலர் ஒன்று அகப்பட்டது.

அந்த ஏழிலும் இருந்த தூய வெள்ளி எவ்வளவு? 40 வீத நாணயம் ஒன்றில் 4.6 கிராம்; 90 வீத நாணயம் ஒன்றில் 11.25 கிராம். கூட்டினால் 45.5 கிராம். நான் வங்கிக்குக் கொடுத்தது மூன்றரை டொலர். கணக்கைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் இருபது வாரத்து மாலைகளையும் அதில் சேர்த்துக் கணக்கிட்டால், இதைப் பிழைப்பாகச் செய்ய முடியாது என்பதும் விளங்கும். காசு சம்பாதிக்கும் வழி என்று எவரும் இதைத் தொடங்க வேண்டாம்.

கழுவிக் கெடுத்த காசு

90 வீத வெள்ளி இரண்டில் ஒன்று 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் ஒருத்தி உதயசூரியனை நோக்கி நடக்கும் அழகான உருவம் அதில் இருக்கும். ஆனால் என் கைக்கு வந்தபோது அது கறுத்துப் போயிருந்தது. மினுக்கிக் காட்டினால் எல்லோரும் ஆசைப்படுவார்கள் என்று நினைத்து, பற்பசையைப் போட்டுப் பழைய பிரஷினால் நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஓடிப்போய் மேல்மாடியில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். காசு முழுவதும் மெல்லிய கீறல்கள். நடக்கும் பெண்ணின் ஆடை மடிப்புகளும் தேய்ந்திருந்தன.

கறுப்பு என்று நான் நினைத்தது அழுக்கு அல்ல. வெள்ளி பல வருடங்கள் காற்றில் உள்ள கந்தகத்துடன் சேர்ந்து பெற்ற நிறம் அது. சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். தேய்த்த காசுக்கு வெள்ளியின் விலை மட்டுமே மிஞ்சும். எண்பது வருடங்கள் காலம் செய்யாத கெடுதலை ஐந்து நிமிடத்தில் நான் செய்திருந்தேன். தோழிகளே, தேசிக்காய், புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள்; மெல்லிய காகித உறையில் வையுங்கள்; அவ்வளவுதான்.

"குழந்தைக்கு, 1964"

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையை எழுதவைத்த விடயம்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு வாரம் அரை டொலர் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்துச் சத ரோல் நான்கு வாங்கினேன். அதில் ஒன்றின் காகிதம் மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கையால் சுற்றியது. பிரித்தேன். முதற் காசு 1952. அடுத்தது 1946. அடுத்தது 1961. ஐம்பதும் வெள்ளி! தராசில் வைத்துப் பார்த்தோம். 112 கிராமுக்கும் சற்று அதிகமான தூய வெள்ளி, ஐந்து டொலருக்கு. உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். என் குளிர்காலச் சப்பாத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. புதிய சப்பாத்து வாங்கலாம் என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன்.

காகிதத்தை எறியப்போன வாப்பா அதை விரித்து விளக்கின் கீழ் பிடித்தார். பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: "குழந்தைக்கு, 1964."

வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறந்த பிள்ளைக்காக யாரோ ஒருவர் ஐம்பது காசைச் சேர்த்துச் சுற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குழந்தை இப்போது வாப்பாவை விட மூத்தவராக இருக்க வேண்டும். அவரே கொடுத்தாரா, அவருக்குத் தெரியாமல் வேறு எவரும் கொடுத்தாரா?

"வாப்பா, நாம் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று கேட்டேன்.

"ஓம் மகள். களவெடுக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. ஆனால் உங்கள் முகம் ஏன் வாடிப்போயிற்று?" என்றார்.

திங்கட்கிழமை ரோலையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். காசாளர் முகாமையாளரை அழைத்தார். இருவரும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பலரும் கொடுக்கும் ரோல்கள் ஒரே பெட்டியில் சேர்வதால் யார் கொடுத்தது என்று அறிய வழியில்லை என்றார் முகாமையாளர். ஐந்து டொலராகத்தான் வாங்கினோம், ஐந்து டொலராகத்தான் கொடுத்தோம், இது உங்களுடையதே என்றும் சொன்னார். எனினும் வாப்பா வற்புறுத்தவே, யாராவது தேடி வந்தால் சொல்வதாக எங்கள் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வரும் வழியில் வாப்பா சொன்னார்: "கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இது வாங்கிய பொருள். அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆனால் மனம் அமைதியடைய அந்த வழியைப் பின்பற்றினால் நட்டமில்லை. தீர்மானம் உங்களுடையது, மகள்."

நான் ஒரு வருடம் பொறுப்பதென்று தீர்மானித்தேன். சப்பாத்தைப் பழைய பொருள் கடையொன்றில் உம்மா தேடி எடுத்தார். இரண்டாவது குளிர்காலமும் வந்து போனது. தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை. நாடு திரும்புவதற்கு முன் மீண்டும் ஒருமுறை வங்கியில் விசாரித்தோம். ஒருவரும் கேட்டு வரவில்லை என்றார்கள்.

நாற்பது காசை நாணயக் கடையில் வெள்ளியின் விலைக்கு விற்றோம். வந்த பணத்தில் பாதியை அந்நகரப் பள்ளிவாசலில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிதிக்குக் கொடுத்தேன். மீதியில் ஒரு பூதக்கண்ணாடியும் மின் தராசும் வாங்கினேன். பத்துக் காசும் அந்த மஞ்சள் காகிதமும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் 'குழந்தை' என்றாவது கேட்டால் கொடுப்பேன்.

வாப்பும்மாவின் தகரம்

இங்கே வங்கியில் ரோல் வாங்கி வெள்ளி தேட முடியாது. ஆனால் எங்கள் வீடுகளில் பழைய பிஸ்கட் தகரங்கள் இருக்கின்றன. நாடு திரும்பியதும் வாப்பும்மாவின் தகரத்தைக் கேட்டு வாங்கிக் கொட்டினேன். சதுரமான ஐந்து சதங்கள், ஓரம் வளைந்து வளைந்து பூப்போல இருக்கும் இரண்டு சதங்கள், அரசர் தலை போட்ட செப்புச் சதங்கள். அவற்றின் நடுவே 1942ஆம் ஆண்டு ஐம்பது சதம் ஒன்று. அது வெள்ளி. அடுத்த ஆண்டான 1943இல் அடித்த ஐம்பது சதம் மஞ்சள் நிற உலோகக் கலவையாகிவிட்டது. எவ்வளவு விந்தை! அமெரிக்காவின் ஐந்து சதத்துக்குள் வெள்ளி நுழைந்த அதே போர்க்காலத்தில்தான் இலங்கையின் ஐம்பது சதத்திலிருந்து வெள்ளி வெளியேறியிருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் படித்த போர், என் உள்ளங்கையில் கிடந்தது.

இம்முறை நான் அதைத் தேய்க்கவில்லை. "இது யார் தந்தது, வாப்பும்மா?" என்று மட்டும் கேட்டேன். தன் உம்மா பெருநாள் காசாகத் தந்தது என்றார். இத்தனை நாளும் எவரும் கேட்காததால் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் காசுடன் வைத்தேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய காசு இருந்தால், விற்பதற்கு முன் பிள்ளைகளை அழைத்துப் பக்கத்தில் இருத்தி ஒருமுறை பாருங்கள். யாருடையது, எப்படி வந்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். எழுதியும் வையுங்கள். எழுதி வைத்த மூன்று சொல்தான் எங்களை ஒரு வருடம் காத்திருக்க வைத்தது.

தோழிகளே, எம் மொழியில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றது நேர்மை. ஒன்றைத் தேடப் போன இடத்தில் மற்றதைப் பற்றியும் படிக்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்குத் தந்தான். அல்ஹம்துலில்லாஹ்.